மூன்றாவது சீசனுக்குப் பிறகு என்ன ஆகிறது? அறிவியல் புனைவு, ஃபேன்டசி தொடர்களுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

2025 மே 23 அன்று 'தி வீல் ஆஃப் டைம்' தொடருக்கு நான்காவது சீசன் கிடையாது என்ற செய்தி வந்தது. பிரைம் வீடியோவில் மூன்றாவது சீசனின் கடைசி எபிசோட் வெளியாகி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. முதல் சீசனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய விமர்சகர்களே மூன்றாவதைத் தலையில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. மூலக்கதை 14 நாவல்கள், தொடர் தொட்டது அதில் நான்கைந்தைத்தான். நன்றாக வந்துகொண்டிருந்த ஒன்றை நன்றாக வர ஆரம்பித்த நேரத்தில் ஏன் நிறுத்துகிறார்கள் என்று பலரும் குழம்பினார்கள். '1899' நின்றபோதும் இதே கேள்விதான், 'ஷேடோ அண்ட் போன்' நின்றபோதும் இதேதான், 'லாக்வுட் அண்ட் கோ' நின்றபோதும் இதேதான்.

"யாரும் பார்க்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, ஓடிடி நிறுவனங்கள் ஒரு தொடரிலிருந்து எப்படிப் பணம் பார்க்கின்றன என்பதில் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்ப்போம். வழியில் சில கதை முடிச்சுகள் அவிழும், ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் '1899' பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

## பழைய டிவி எப்படிச் சம்பாதித்தது

அமெரிக்க டிவியில் ஒரு தொடருக்கு இரண்டு வருமானம் இருந்தது. முதலாவது, ஒளிபரப்பாகும்போது வரும் விளம்பரம். இரண்டாவதுதான் பெரிய காசு: போதுமான எபிசோடுகள் சேர்ந்ததும் மொத்தமாக உள்ளூர் சேனல்களுக்கு மறு ஒளிபரப்பு உரிமையை விற்பது. 'போதுமான' என்பதற்குத் தொழிலில் ஒரு வழக்கக் கணக்கு உண்டு, சுமார் 100 எபிசோட். வாரத்துக்கு ஐந்து நாள் போட்டால் இருபது வாரம் ஓடும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடலாம்.

இதனால் ஒரு விசித்திரமான விளைவு இருந்தது. மூன்றாவது சீசனைத் தாண்டிய தொடரை நிறுத்துவது தயாரிப்பாளருக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. நஷ்டத்திலாவது இன்னொரு வருடம் ஓட்டி 100ஐத் தொடவே பார்ப்பார்கள். தொடருக்கு வயது ஏற ஏற அதன் மதிப்பும் ஏறியது.

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987இல் தொடங்கியது. முதல் சீசன் சுமார்தான், அதன் ரசிகர்களே அதை மறுக்கமாட்டார்கள். மூன்றாவது சீசனில்தான் தொடர் நிமிர்ந்தது. 1994இல் முடியும்போது 178 எபிசோட். 'பழைய காலத்தில் பொறுமை இருந்தது' என்று இதைக் காட்டிச் சொல்வார்கள். பொறுமை எல்லாம் இல்லை, காத்திருந்தால் காசு வரும் என்ற கணக்கு இருந்தது, அவ்வளவுதான்.

## சந்தா வந்ததும் என்ன மாறியது

மாதச் சந்தா வாங்கும் நிறுவனத்துக்கு ஒரு தொடர் தனியாகச் சம்பாதித்துக் கொடுப்பதில்லை. நீங்கள் ஒரே தொடரைப் பத்து தடவை பார்த்தாலும் சந்தா அதேதான். அப்படியானால் அந்தத் தொடரின் மதிப்பை எப்படி அளப்பது? பெரும்பாலும் இந்த மூன்றை வைத்துத்தான்:

1. புதிதாக ஆள் சேர்ப்பது. இந்தத் தொடருக்காகவே யாராவது சந்தா கட்டினார்களா?

2. இருப்பவரைத் தக்கவைப்பது. அடுத்த மாதம் சந்தாவை நிறுத்திவிடலாம் என்று நினைத்தவரை இந்தத் தொடர் நிறுத்திவைத்ததா? நிறுவனங்கள் உள்ளுக்குள் அதிகம் பயப்படுவது இந்த விட்டுப்போகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான்.

3. அதே செலவில் வேறு என்ன செய்திருக்கலாம். ஒரு ஃபேன்டசி சீசனுக்கு ஆகும் பணத்தில் நான்கு குற்றப் புலனாய்வுத் தொடர் எடுத்தால், இதைவிட அதிகம் பேரை இழுக்குமா?

முதலாவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. புதிய தொடரின் முதல் சீசன் ஆள் சேர்க்கும். மூன்றாவது சீசனைப் பார்க்கவேண்டுமென்றால் முதல் இரண்டையும் பார்த்திருக்கவேண்டும், எனவே அது வெளியிலிருந்து புதிதாக யாரையும் அழைத்துவருவது அபூர்வம். இருப்பவர்களில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும், அதுவும் அந்தப் பகுதி சீசனுக்குச் சீசன் தேய்ந்துகொண்டே போகும். பழைய டிவியில் வயது ஏறினால் மதிப்பு ஏறியது என்றேன் அல்லவா, இங்கே அது அப்படியே தலைகீழ்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' மாதிரி சில தொடர்கள் இதற்கு விதிவிலக்கு. அவை ஒவ்வொரு சீசனிலும் ஊரையே இழுக்கும். ஆனால் விதிவிலக்கை வைத்து யாரும் பட்ஜெட் போடுவதில்லை.

## எத்தனை பேர் முடித்தார்கள் என்பதே கேள்வி

2019இல் நெட்ஃபிளிக்ஸ் பிரிட்டன் நாடாளுமன்ற மேலவையின் ஒரு குழுவுக்குக் கடிதம் எழுதியது. பார்வையாளர்களை எப்படி எண்ணுகிறோம் என்று அதில் விளக்கியிருந்தது. மூன்று வகை. ஒரு படத்தையோ எபிசோடையோ இரண்டு நிமிடம் பார்த்தவர் 'தொடங்கியவர்'. 70 சதவீதம் பார்த்தவர் 'பார்த்தவர்'. ஒரு படத்தை அல்லது முழு சீசனை 90 சதவீதம் வரை பார்த்தவர் 'முடித்தவர்'. படைப்பாளிகளுக்கு முதல் 7 நாள் கணக்கும் 28 நாள் கணக்கும் தரப்படும்.

வாராவாரம் வெளியிடும் முதல் 10 பட்டியலில் நமக்குத் தெரிவது வேறு. 2023 ஜூனிலிருந்து, மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைத் தொடரின் நீளத்தால் வகுத்து 'வியூஸ்' என்று போடுகிறார்கள். ஒரு கோடி வியூஸ் என்றால் ஒரு கோடிப் பேர் முழுதாகப் பார்த்தார்கள் என்று பொருள் கிடையாது. இரண்டு கோடிப் பேர் பாதியில் விட்டிருந்தாலும் அதே எண்தான் வரும். நிறுவனத்துக்கு அந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாதியில் விட்டவர் இரண்டாவது சீசனுக்கு வரமாட்டார்.

இதற்கு '1899'ஐவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 'டார்க்' எடுத்த யாண்ட்யே ஃப்ரீஸே, பாரன் போ ஓடார் தம்பதியின் அடுத்த தொடர். 2022 நவம்பர் 17 அன்று எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்தன. வெளியான வேகத்தில் நெட்ஃபிளிக்ஸ் பட்டியலின் மேல் இடங்களுக்குப் போனது. 2023 ஜனவரி 2 அன்று, அதாவது ஆறரை வாரத்தில், இரண்டாவது சீசன் கிடையாது என்று ஓடார் அறிவித்தார். மூன்று சீசனுக்குத் திட்டம் போட்டிருந்தார்கள்.

தொடரைப் பார்த்தால் எங்கே ஆட்கள் இறங்கியிருப்பார்கள் என்பது ஓரளவு புரிகிறது. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குப் புலம்பெயர்ந்தோர் போகும் கெர்பரோஸ் என்ற கப்பல். ஜெர்மன்காரர் ஜெர்மன் பேசுகிறார், போலந்துக்காரர் போலிஷ், டேனிஷ் குடும்பம் டேனிஷ், இவர்களுக்கு நடுவே கான்டனீஸ், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாமலே உருக்கமாகப் பேசிக்கொள்ளும் காட்சிகள் அதில் பிரமாதம். ஆனால் அதை ரசிக்க சப்டைட்டில் வேண்டும், கண் திரையில் இருக்கவேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே பார்க்க முடியாது. டப்பிங்கில் போட்டுப் பார்த்தவருக்கு எல்லோரும் ஒரே மொழி பேசுவதாகத் தெரியும், பிறகு ஏன் இவர்களுக்குள் புரியவில்லை என்று குழப்பம். நடுவில் இரண்டு மூன்று எபிசோட் மெதுவாக நகர்கிறது. கடைசி எபிசோடின் கடைசி நிமிடங்களில் நாயகி கண் விழிக்கும்போது கப்பல் இல்லை, கடல் இல்லை, 2099ஆம் ஆண்டில் ப்ரோமித்தியஸ் என்ற விண்கலத்தில் இருக்கிறாள். அதுவரை பார்த்தது அத்தனையும் உருவகப்படுத்தப்பட்ட உலகம்.

உண்மையான கதை அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிட்டது.

என் கருத்தில் '1899' குறைகள் உள்ள தொடர்தான், 'டார்க்' அளவுக்குப் பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை. ஆனால் இந்த எழுத்தாளர்கள் கடைசி வரிவரை யோசித்துவிட்டு எழுதுபவர்கள் என்று 'டார்க்' மூன்று சீசனில் நிரூபித்துவிட்டது. அப்படிப்பட்டவர்களிடம் ஆறரை வாரக் கணக்கை வைத்து முடிவெடுத்தது, வியாபாரம் என்ற அளவில்கூடப் புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

## செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது

எல்லாத் தொடர்களுக்கும் இதே விதிதானே, அறிவியல் புனைவும் ஃபேன்டசியும் மட்டும் ஏன் அதிகம் அடிபடுகின்றன? காரணம் செலவு, அதிலும் அது ஏறும் விதம்.

நெட்ஃபிளிக்ஸ் பிரபலமாக்கிய ஒப்பந்த முறை இது: தயாரிப்புச் செலவு முழுவதையும் நிறுவனமே தரும், அதற்கு மேல் ஒரு சதவீதம் லாபமாகத் தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். பதிலுக்கு உலகம் முழுவதற்குமான உரிமை அதன் கையில். தொடர் பெரிய வெற்றி பெற்றாலும் தயாரிப்பாளருக்கு மறு ஒளிபரப்புக் காசு வராது என்பதால், சீசன் ஏற ஏற ஊக்கத்தொகை ஏறும்படி ஒப்பந்தம் போடுவார்கள். நடிகர் சம்பளமும் ஏறும். ஆக மூன்றாவது சீசன், எதையும் பெரிதாக மாற்றாமலே, முதல் சீசனைவிட விலை கூடியது.

இதன் மேல் கிராஃபிக்ஸ். குடும்பக் கதையில் நான்காவது சீசனுக்கும் அதே வீடு, அதே சமையலறை. ஃபேன்டசியில் கதை நகர்ந்தால் புது ஊர், புதுப் படை, புது மிருகம். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2011இல் எபிசோடுக்கு 60 லட்சம் டாலர் சுமாரில் தொடங்கி, 2019இல் 1.5 கோடி டாலர் சுமாருக்குப் போனதாகச் செய்திகள் வந்தன. அது உலகமே பார்த்த தொடர், தாங்கியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்தக் கடைசி சீசன் விலையிலிருந்து தங்கள் முதல் சீசனைத் தொடங்கினார்கள். 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' முதல் சீசனுக்கு மட்டும் சுமார் 46.5 கோடி அமெரிக்க டாலர் என்பது நியூசிலாந்து அரசு ஆவணங்கள் வழியாக வெளியே வந்தது. உரிமைக்கு அதற்கு முன்பே 25 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி. பார்ப்பதற்கு அந்தப் பணம் திரையில் தெரிகிறது, குறிப்பாக சுரங்க நகரமான கசாத்-தூம் காட்சிகளில். ஆனால் திரைக்கதை எழுத அதில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேட்கத் தோன்றுமளவுக்கு வசனங்கள் கல்வெட்டு வாசிப்பது மாதிரி இருக்கின்றன.

2022 வரை இந்தச் செலவை யாரும் கேட்கவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை ஏறினால் போதும் என்று பங்குச் சந்தை நினைத்தது. அந்த ஆண்டு முதல் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸ் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாக அறிவித்தது, ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 35 சதவீதம் சரிந்தது. அன்றிலிருந்து கேள்வி மாறிவிட்டது: எவ்வளவு பேர் என்பது போய், எவ்வளவு லாபம் என்று. நீங்கள் ரசித்த தொடர் 2022 கடைசியிலோ 2023லோ நின்றிருந்தால், அதற்கான வேர் பெரும்பாலும் இந்த ஏப்ரலில் இருக்கும்.

## எட்டு எபிசோட், இரண்டு வருட இடைவெளி

இப்போது 'வீல் ஆஃப் டைம்' பக்கம் திரும்பலாம்.

முதல் சீசன் 2021 நவம்பரில் வந்தது. எட்டு எபிசோட். படப்பிடிப்பு நடுவில் கொரோனாவால் நின்றது, ஐந்து முக்கிய இளைஞர்களில் ஒருவரான மேட் பாத்திரத்தில் நடித்தவர் பாதியில் விலகிவிட்டார், கடைசி எபிசோடுகளை அவர் இல்லாமல் மாற்றி எழுதவேண்டியதாயிற்று. அந்த சீசனின் முடிவு ஏன் அப்படித் தொளதொளவென்று இருந்தது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இரண்டாவது சீசன் 2023 செப்டம்பரில். இன்னும் எட்டு. அது தேவலாம். மூன்றாவது 2025 மார்ச்சில்.

மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடில் நாயகன் ராண்ட், ருய்டியன் என்ற பாலைவன நகரத்தில் கண்ணாடித் தூண்களுக்கு நடுவே நடக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் தன் முன்னோர் ஒருவரின் வாழ்க்கைக்குள் போகிறான், காலத்தில் பின்னோக்கி. முன்னோர் எல்லோராகவும் நடிப்பது அதே ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கிதான், தாடி மாறுகிறது, வயது மாறுகிறது, கை மட்டும் மெல்ல மெல்ல ஆயுதத்தை விடுகிறது. ஈட்டி இல்லாமல் தூங்காத அயீல் இனம் ஒரு காலத்தில் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மக்களாக இருந்திருக்கிறது, தங்கள் சத்தியத்தைத் தாங்களே உடைத்துத்தான் இப்படி ஆகியிருக்கிறது என்பது தலைகீழ் வரிசையில் நமக்குத் தெரியவருகிறது. விளக்க உரையே இல்லாமல், முகத்தையும் உடையையும் வைத்தே சொல்லிவிடுகிறார்கள். சமீப வருடங்களில் ஓடிடியில் வந்த ஃபேன்டசியில் இதற்கு நிகரான ஒரு மணி நேரம் அபூர்வம்.

அது தொடரின் 20ஆவது எபிசோட். இருபதுக்குள் ஒரு தொடர் தன் காலில் நின்றுவிட்டது என்றால் அது மோசமான வேகமே இல்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இருபதைத் தொடும்போது இன்னும் தன் முதல் சீசனுக்குள்தான் தடுமாறிக்கொண்டிருந்தது! வித்தியாசம் நாட்காட்டியில் இருக்கிறது. அங்கே இருபது எபிசோட் சில மாதங்களில் முடிந்தது. இங்கே மூன்று வருடம் நான்கு மாதம். அதற்குள் முதல் சீசனில் ஏமாந்தவர்கள் போய்விட்டார்கள், திரும்பி வந்து பார்க்கச் சொல்ல ஆளில்லை.

இங்கேதான் நான் பொதுவான புலம்பலிலிருந்து விலகுகிறேன். ஓடிடி நிறுவனங்கள் பழைய சேனல்களைவிடக் கல் நெஞ்சம் கொண்டவை என்று நான் நினைக்கவில்லை. 2002இல் 'ஃபயர்ஃப்ளை' தொடரை 14 எபிசோடில், அதுவும் மூன்றை ஒளிபரப்பாமலே, மூடிய சேனல்தான் பழைய டிவி. மாறியது அலகு. ஒரு தொடருக்கு மூன்று சீசன் வாய்ப்பு என்பது முன்பு சுமார் 70 எபிசோட், இப்போது 24. எழுத்தாளர்கள் தப்பு செய்து திருத்திக்கொள்ளும் இடமே அந்த 46 எபிசோடுகளில்தான் இருந்தது.

இடைவெளி ஏன் இவ்வளவு நீளம்?

1. அனுமதிக்காகக் காத்திருப்பு. பல சமயம் சீசன் வெளியாகி, 28 நாள் அல்லது 90 நாள் கணக்கு வந்த பிறகுதான் அடுத்ததற்குப் பச்சைக்கொடி. அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் எழுதவே தொடங்குவார்கள்.

2. மொத்தமாக எழுதி, மொத்தமாகப் படம்பிடிப்பது. பழைய முறையில் ஐந்தாவது எபிசோட் ஒளிபரப்பாகும்போது பன்னிரண்டாவதை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது எட்டையும் ஒரே நீளப் படமாக நினைத்து எடுக்கிறார்கள்.

3. கிராஃபிக்ஸ், டப்பிங். உலகம் முழுவதும் ஒரே நாளில், பல மொழிகளில் வரவேண்டும். 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தமிழிலும் அதே நாளில்தான் வந்தது. படம் முடியாமல் டப்பிங் முடியாது.

4. வேலைநிறுத்தம். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை எழுத்தாளர்கள், ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை நடிகர்கள். 'தி பெரிஃபெரல்' தொடருக்குப் பிப்ரவரியில் இரண்டாவது சீசன் அறிவித்த அமேசான், ஆகஸ்டில் இந்த வேலைநிறுத்தங்களைக் காரணம் காட்டி அதை வாபஸ் வாங்கியது.

'செவரன்ஸ்' இரண்டு சீசனுக்கு நடுவே கிட்டத்தட்ட மூன்று வருடம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கதைக்குள் 1983லிருந்து 1987 வரை நான்கு வருடம் நடக்கிறது. வெளியே 2016லிருந்து 2025 வரை ஒன்பது வருடம் ஓடிவிட்டது, பன்னிரண்டு வயதில் அறிமுகமான மில்லி பாபி பிரவுன் முடிவு வரும்போது 21 வயதுப் பெண். கடைசி சீசனில் பள்ளிப் பிள்ளைகளாக நடிப்பவர்களைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வந்தால் அது நம் தப்பில்லை.

## நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு

பலருக்கும் இது ஒன்றாகக் கலந்துவிடுகிறது. நிறுத்தப்பட்ட தொடரை இருக்கிற வரையாவது பார்க்கலாம். நீக்கப்பட்டது தளத்திலேயே இருக்காது.

டிஸ்னியின் 'வில்லோ' 2022 நவம்பர் 30 அன்று வந்தது. ஆறு மாதம் முடிவதற்குள், 2023 மே 26 அன்று, தூக்கிவிட்டார்கள். நிலாவில் நடக்கும் 'க்ரேட்டர்' என்ற சிறுவர் படம் தளத்தில் இருந்தது ஏழே வாரம். சொந்தமாகப் பணம் போட்டு எடுத்ததை எதற்கு மறைக்கவேண்டும், ஒரு ஓரத்தில் கிடந்தால் என்ன கெட்டுப்போகிறது?

கணக்குப் பதிவேட்டில் ஒரு தொடர் என்பது சொத்து. அதன் மதிப்பைச் சில வருடங்களில் பகுதி பகுதியாகக் கழிப்பார்கள். தளத்திலிருந்து அடியோடு எடுத்துவிட்டால் மீதி மதிப்பு முழுவதையும் ஒரே காலாண்டில் நஷ்டமாக எழுதிவிடலாம். அந்த நஷ்டத்தை லாபத்தில் கழித்து வரியைக் குறைக்கலாம், வரும் ஆண்டுகளின் கணக்கும் சுத்தமாகத் தெரியும். அந்தக் கோடையில் இப்படி நீக்கியவற்றுக்காக டிஸ்னி எழுதிய தொகை சுமார் 150 கோடி டாலர். இன்னொரு மிச்சமும் உண்டு: தொடர் தளத்தில் இருக்கும்வரை எழுத்தாளர், நடிகர்களுக்கு மறு பயன்பாட்டுத் தொகை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், ஒருவரும் பார்க்காவிட்டாலும்.

வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி 2022 டிசம்பரில் 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரை எச்பிஓ மேக்ஸிலிருந்து எடுத்தது வேறு ரகம். அதை விளம்பரத்தோடு இலவசமாகக் காட்டும் தளங்களுக்கு விற்றார்கள். நம் ஊரில் குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். 2023 மார்ச் 31உடன் ஹாட்ஸ்டாரிலிருந்து எச்பிஓ தொடர்கள் போனதும், பிறகு ஜியோ சினிமாவுக்கு வந்ததும், 2025 பிப்ரவரியில் இரண்டு தளமும் ஜியோஹாட்ஸ்டார் என்று ஒன்றானதும் உரிம ஒப்பந்தம் கைமாறிய கதை, நீக்கம் இல்லை. ஒரு தொடர் காணவில்லை என்றால் முதலில் அது வேறெங்காவது குடிபோயிருக்கிறதா என்று பாருங்கள்.

## காப்பாற்ற முடியுமா

சில சமயம் முடிகிறது, ஆனால் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து.

'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை 2018இல் சைஃபை சேனல் மூன்று சீசனோடு விட்டது. அந்தச் சேனலிடம் இருந்தது அமெரிக்காவில் முதல் முறை ஒளிபரப்பும் உரிமை மட்டுமே, ஓடிடி வருமானம் அதற்குக் கிடையாது. தயாரித்தது ஆல்கான் என்ற தனி நிறுவனம், எனவே வேறு வீடு தேட வழி இருந்தது. ரசிகர்கள் அமேசான் அலுவலகத்துக்கு மேலே விமானத்தில் பேனர் பறக்கவிட்டார்கள். சில வாரத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விண்வெளி மாநாட்டில், நடிகர்கள் முன்னிலையிலேயே, தொடரைத் தாங்கள் எடுத்துக்கொள்வதாக ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். இன்னும் மூன்று சீசன் வந்தது. அதேபோல 2023இல் பாராமவுண்ட் கைவிட்ட 'ஸ்டார் ட்ரெக்: ப்ராடிஜி' நெட்ஃபிளிக்ஸுக்குப் போய் இரண்டாவது சீசனைக் கண்டது.

ஒரே நிறுவனம் பணம் போட்டு, உரிமையும் வைத்துக்கொண்டு, தன் தளத்திலேயே வெளியிடும் தொடருக்கு இந்த வாசல் அநேகமாக மூடியதுதான். போட்டிக்காரனுக்கு விற்று அது அங்கே ஹிட் ஆகிவிட்டால் யார் முகத்தில் கரி?

## பார்வையாளர் பதிலடி

இத்தனையும் பார்த்த ரசிகர் என்ன செய்கிறார்? தொடர் முழுதாக முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்கிறார். நியாயமான முடிவுதான். ஆனால் முதல் 28 நாள் கணக்கில் அவர் இல்லை. அவர் இல்லாததால் எண் குறைகிறது, எண் குறைந்ததால் தொடர் நிற்கிறது, நின்றதைப் பார்த்து இன்னும் நாலு பேர் 'முடிந்த பிறகு பார்க்கலாம்' கட்சியில் சேர்கிறார்கள். பழி ரசிகர் மேல் இல்லை. முடிவைக் காட்டுவோம் என்ற உத்தரவாதம் தராமல் எட்டு மணி நேரத்தைக் கேட்பது நிறுவனம்தான்.

அந்த உத்தரவாதத்தை முன்கூட்டியே தருவது சில இடங்களில் தொடங்கியிருக்கிறது, எனக்கு நம்பிக்கை தருவதும் அதுதான். 'ஆண்டோர்' ஐந்து சீசனாக யோசிக்கப்பட்டு இரண்டாகச் சுருக்கப்பட்டது. தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் அதைக் குறையாக விடாமல், இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுக்கு ஒரு வருடம் என்று நான்கு வருடக் கதையைத் தாண்டித் தாண்டிச் சொன்னார். அந்தத் தாவல்கள் தொடருக்கு ஒரு வேகத்தைக் கொடுத்தன, ஐந்து சீசன் எடுத்திருந்தால் இது வந்திருக்காது என்றே நினைக்கிறேன். 'சைலோ' தொடருக்கு மூன்றாவது, நான்காவது சீசன்களை ஆப்பிள் சேர்த்தே அறிவித்துவிட்டது, நான்கோடு கதை முடிகிறது. வின்ஸ் கில்லிகனின் 'ப்ளூரிபஸ்' ஒரு காட்சி எடுப்பதற்கு முன்பே இரண்டு சீசனுக்கு ஒப்பந்தமானது. '3 பாடி ப்ராப்ளம்' 2024 மார்ச்சில் வந்து, மே மாதத்திலேயே கதையை முடிக்கும்வரை எடுப்போம் என்ற உறுதியைப் பெற்றது. முதல் சீசனில் பனாமா கால்வாயில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் ஒரு கப்பலைச் சீவும் காட்சியைத் தவிர எனக்கு அதில் பெரிய மயக்கம் இல்லை, நாவலின் குளிர்ந்த அறிவியலை ஐந்து நண்பர்களின் சோகக் கதையாக்கிவிட்டார்கள், ஆனாலும் முடிவு உண்டு என்று தெரிந்ததால் அடுத்ததைப் பார்ப்பேன்.

ஆகவே புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் நான் பார்ப்பது இவ்வளவுதான்: எத்தனை சீசன் என்று சொல்லிவிட்டார்களா, தயாரித்தவரும் வெளியிடுபவரும் ஒருவரா இருவரா, எழுதியவர் இதற்கு முன் எதையாவது முழுதாக முடித்திருக்கிறாரா. இந்த வாரம் தொடங்க எது சரி என்றால், 'டார்க்' 26 எபிசோட், 'ஆண்டோர்' 24, இரண்டும் முடிந்தவை. அப்புறம் 'வீல் ஆஃப் டைம்' மூன்றாவது சீசனையும் பாருங்கள் என்பேன், கதை முடியாது என்று தெரிந்தே. அந்த 20ஆவது எபிசோடுக்காக.